இல்லாத இரண்டு பத்து

என் பெயர் ரோடெல் மகாரயெக். வயது இருபத்தெட்டு. கலிபோர்னியாவில், சாக்ரமென்டோவில் இருக்கிறேன். உட்கார்ந்து தட்டப் பொறுமை இல்லை, அவ்வளவு கோபம்; நான் பேசப் பேச போனே இதை எழுதிக்கொள்கிறது. அக்கா, வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டு.

நான் நர்ஸ்தான், ஆனால் இங்கே ஊசி போடுவதில்லை. வக்கீல் ஹார்லனின் அலுவலகத்தில் உட்கார்ந்து, வழக்குக்கு வரும் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, தவறு எங்கே நடந்தது என்று அறிக்கை எழுதுகிறேன். போன வாரம் ஒரு முதியோர் இல்லத்தின் வழக்கு வந்தது. இல்லம் எங்கள் கட்சிக்காரர். படுக்கையில் கிடந்த ஒரு கிழவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். யாரும் செய்யவில்லை. முதுகில் புண் எலும்புவரை போய் இறந்துவிட்டார். இரவு நர்ஸ் மரிவிக், புரட்டாமலே புரட்டியதாகப் பொய் எழுதினாள் என்றது இல்லம். அவளும் நம்மைப்போல் பிலிப்பினோ, நம் ஊர்ப் பெண். அவளுடைய லைசென்ஸ் போகும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

பிறகு தேதியைப் பார்த்தேன். மார்ச்சில் ஒரு ஞாயிறு அதிகாலை இங்கே கடிகாரம் இரண்டிலிருந்து நேராக மூன்றுக்குத் தாவும். நம் நாட்டில் இது கிடையாது. முதல் வருஷம் தெரியாமல் நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேனே, அதே நாள். கிழவரைப் புரட்டிய நேரத்தைக் குறிக்கும் தாளில், அந்த இரவுக்கு, ‘இரண்டு பத்து’ என்று இருக்கிறது. அப்படி ஒரு நேரமே அன்று வரவில்லை. அதே இரவு மருந்துத் தாளில் மரிவிக் ஒன்று ஐம்பதுக்குப் பிறகு ‘மூன்று ஐந்து’ என்று சரியாக எழுதியிருக்கிறாள். அப்படியானால் புரட்டிய தாளை நிரப்பியது அவளில்லை. அந்த இரவு அங்கே இல்லாத யாரோ, பிறகு உட்கார்ந்து அவள் பெயரில் நிரப்பியிருக்கிறார்கள்.

ஹார்லனிடம் காட்டினேன். சிரித்தார்.

"ஒரே ஊர்க்காரங்க. ஒருத்தர ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டீங்களே, தம்பி?"

"அவங்க மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்ல சார். நேத்து வரைக்கும் தப்பு அவங்க மேலதான்னு எழுதி வச்சிருந்தேன்."

"அப்ப அதையே வச்சுக்கோ. புதுசா எழுதினத எடுத்துடு. உன் விசா பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு."

நாற்பத்தொரு நோயாளிக்கு ஒரே ஒருத்தியை நிறுத்திவைத்த இல்லத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"எடுக்க மாட்டேன் சார். வேற யார்கிட்ட குடுத்தாலும், ஒரு ராத்திரியாவது டூட்டி பார்த்தவங்க கண்ணுல அந்த ரெண்டு பத்து படும்."

அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போகச் சொன்னார். வைத்தேன்.

வழக்கு ரகசியத்தை நான் எதிர்த்தரப்பான கிழவர் குடும்பத்தின் வக்கீலிடம் போய்ச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தாள்கள் அவர்களுக்கும் போகும். அங்கேயும் என்னைப்போல் ஒரு நர்ஸ் உட்கார்ந்து படிப்பார். அவர் தேதியையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அறுபது நாளுக்குள் எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் விசா போய்விடும். தேடுகிறேன். ஹார்லனிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் உங்களில் யாரும் எனக்குப் போன் செய்யாதீர்கள்.