கண்ணாடிச் சுவருக்கு ஒரு படம்

நகரியில் கண்ணாடிச் சுவர் வீடு என்று சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்க மாட்டார். எங்கள் கூடத்துச் சுவர் வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான். ஆனால் முகம் தெரியும். வருகிற ஆண்கள் பேச்சோடு பேச்சாக அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்வார்கள். என் தகப்பனார் தறி ஓட்டிச் சம்பாதித்ததில் பூசவைத்த சுவர் அது. அதில் ஒரு காலண்டர் மாட்டக்கூட நான் ஆணி அடிக்க விட்டதில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் வீட்டு வாசலை முட்டை தாண்டியதில்லை. யாராவது கேக் கொண்டுவந்தால் அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று நானே பார்த்த பிறகுதான் உள்ளே போகும்.

என் மகன் சுரேஷ்பாபுவுக்கு நிச்சயித்த பெண் ரேகா, திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஓவியம் சொல்லித் தருகிறாள். சம்பந்திகள் அவளையும் அழைத்துக்கொண்டு சீர் பற்றிப் பேச வந்தபோது, சீர் எதுவும் வேண்டாம், எங்கள் கூடத்துக்கு மருமகள் கையால் ஒரு படம் போதும் என்றேன். அந்தச் சுவரில் முதல் ஆணி அவளுக்காகத்தான் என்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று அவர்களுக்கும் புரிந்தது.

"அக்ரிலிக்ல போடட்டுமா மாமா? சீக்கிரம் காஞ்சிடும்," என்றாள் ரேகா.

"அது என்னாது?"

"ஒரு மாதிரி பிளாஸ்டிக்கு."

"நம்ம வீட்ல பிளாஸ்டிக் கொடத்துக்கே எடமில்லம்மா."

"ஆயில்ல போட்டா முழுசா காய மாசக்கணக்கா ஆவும். கல்யாணத்துக்கு வர்றவங்க பட்டுப்பொடவையில ஒட்டிக்கும். வாட்டர் கலர்னா மேல கண்ணாடி போடணும்."

"அந்தச் சுவத்துமேல கண்ணாடியா? வேணாம். பழைய காலத்து முறை ஒண்ணுமே இல்லியா? கெமிக்கல் இல்லாம, தலைமுறை தலைமுறையா நிக்கிற மாதிரி?"

அவள் தயங்கினாள். "ஒண்ணு இருக்குது மாமா. ஆயில் வர்றதுக்கு முந்தி அதுலதான் போட்டுக்கினு இருந்தாங்க. ஐந்நூறு வருஷத்துப் படம்கூட இன்னும் மங்கல. ஆனா அதுல..."

"அதையே போடு," என்றேன். நான் முடிவு சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆனால் சொல்வதில்லை.

அழைப்பிதழ் கொடுத்த வீட்டிலெல்லாம் படத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு வந்தேன். நகரியே பார்க்கக் காத்திருந்தது.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு, படம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க என் அக்கா செங்கம்மாவை அழைத்துக்கொண்டு திருப்பதி போனேன். அலிபிரியில் ஒரு மாடி அறையில் ரேகா வேலை செய்துகொண்டிருந்தாள். கீழே நடைபாதையில் கோவிந்தா, கோவிந்தா என்று கூட்டம் போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது.

உள்ளே என் வருங்கால மருமகள் ஒரு முட்டையை உடைத்தாள். வெள்ளைக்கருவை விரலிடுக்கில் வழியவிட்டாள். மஞ்சள் கருவை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் உருட்டி, அதன் தோலைக் கிள்ளிப் பிடித்து ஊசியால் குத்தி, கிண்ணத்தில் ஒழுகவிட்டாள்.

"ரேகா! நீ முட்டை துன்னுவியா?"

"அய்யோ மாமா! துன்றதுக்கு இல்ல, படத்துக்கு!"

அதற்கு அவள் முட்டையைத் தின்றிருந்தாலே தேவலை.

"கலர்ப்பொடி தானா ஒட்டாது மாமா. ஏதாச்சும் ஒண்ணு புடிச்சுக்கணும். வாட்டர் கலர்ல பிசினு. இதுல மஞ்சக்கரு. நீங்க கேட்ட பழைய முறை இதான். நான் சொல்லத்தான் வந்தேன், நீங்க விடல."

படம் வரைந்திருந்த பலகையைப் பார்த்தேன். நாராயணவனத்தில் பெருமாளின் கல்யாண ஊர்வலம். அந்தச் சிவப்பையும் மஞ்சளையும் நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை. கூட்டத்துக்கு முன்னால், முதுகு வளையாமல் குடை பிடித்து நடந்தவர் நான்தான். மீசைகூடச் சரியாக இருந்தது.

"இது என் வாசப்படி ஏறாது," என்றேன்.

"அப்போ கல்யாணத்தன்னிக்கு வெறும் சுவரா மாமா?" அவள் கண் கலங்கிவிட்டது.

படம் வந்தால் பரம்பரை மானம் போகும். வராவிட்டால் ஊரெல்லாம் சொன்ன என் சொல் போகும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஏதோ சத்தம். அக்கா நாற்காலியில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"டேய் தம்பி, நம்ம கூடத்துச் சுவரு எப்பிடிடா அப்பிடிப் பளபளன்னு இருக்குது?"

"நல்ல சுண்ணாம்பு."

"சுண்ணாம்பு மட்டும் போட்டா மூஞ்சி தெரியுமா? வெள்ளக்கருடா! கொல்லப்பக்கமா கூடை கூடையா முட்டை வந்துச்சு. நீ தொட்டில்ல கெடந்த. யாருகிட்டயும் சொல்லாதன்னு நைனா என் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு. இத்தன வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வாயத் தொறக்கிறேன்."

"மெய்தான் மாமா," என்றாள் ரேகா மெதுவாக. "அந்தக் காலத்துல கண்ணாடிப் பூச்சுக்கு வெள்ளக்கரு சேப்பாங்க. உங்க சுவத்தப் பாத்தப்பவே நெனைச்சேன். சொல்ல பயமா இருந்துச்சு."

நான் கதவை விட்டுவிட்டுக் கேட்டேன். "அப்போ மஞ்சக்கரு எல்லாம் என்னாச்சு?"

"கொத்தனாருங்க துன்னாங்க."

"அத்தனையுமா?"

அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்க்க ஆரம்பித்தாள். "எனக்கென்னா தெரியும், சின்னப் பொண்ணு." பிறகு திரும்பி, "வெள்ளக்கரு நம்ம வீட்டுக்கு வந்து ஒண்டியாவே நின்னுக்கினு கீது. மஞ்சக்கரு இப்பத்தான் வருது. வர்ற மருமவள ஏன்டா வாசல்லயே நிறுத்தற?"

எங்கள் தகப்பனார் செய்ததைத் தவறு என்று சொல்ல நான் யார்? அவர் அழைத்துவந்ததற்கு ஜோடியை நான் அழைத்துவருகிறேன். அவ்வளவுதான்.

"சீக்கிரம் முடி," என்றேன் ரேகாவிடம். "என் கையில குடை கொஞ்சம் சாஞ்சிருக்குது. நிமித்து."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மூலையில ஒரு பச்சைப் புள்ளி வெச்சிடட்டுமா மாமா?"

"பொய் சொல்லக்கூடாது."

படம் வீட்டுக்கு வந்ததும் ஆணியை நானே அடித்தேன். வெள்ளைத் தூள் உதிர்ந்தது. அக்கா அதை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவளை விருந்து வேலைக்கு அனுப்பினேன்.

கல்யாணத்தன்று கூட்டம் படத்தைவிட்டு நகரவில்லை. பங்காளி முனிரத்தினம் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"சூப்பரா கீதுண்ணா. எந்தக் கம்பெனி பெயிண்டு?"

"கம்பெனி இல்லப்பா. எங்க சுவத்துக்கு ஒறவு," என்றேன்.

அவர் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த சுவரில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்.