காரைக்காலில் ஹஸ்ஸானின் பிறந்தநாள்

ஹஸ்ஸான் வீட்டில் யாரும் பிறந்தநாள் கொண்டாடியதில்லை. கேக் வெட்டுவதும் மெழுகுவத்தி ஊதுவதும் நம்ம வழக்கமில்லை என்று அவன் அத்தா ஒரே பேச்சில் முடித்துவிடுவார். ஆனாலும் ஹஸ்ஸானுக்கு ஒரு பிறந்தநாள் இருந்தது. அதைக் கட்டிக் காத்தவன் பரிதி. இருவரும் வலங்கைமான் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சுக்காரர்கள். ஹஸ்ஸான் துபாயிலிருந்து லீவில் வந்து இறங்கியதும், தேதி முன்னே பின்னே இருந்தாலும், 'இந்தச் சனிக்கிழமைதான்டா உன் பொறந்தநாள்' என்று பரிதி அறிவித்துவிடுவான். அன்றைக்குக் காரைக்கால் போக வேண்டும். நல்ல சாப்பாடு, இரண்டு மூன்று பார், கொஞ்சம் கடற்கரை. இதற்குப் பெயர் சிட்டி டூர். காரைக்காலைச் சிட்டி என்றால் சென்னைக்காரன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இதில் ஒரே ஒரு கோளாறு. பிறந்தநாள் யாருக்கோ, அவன் குடிக்க மாட்டான். குடிக்காதவன்தான் வண்டி ஓட்டியாக வேண்டும். ஆக, பிறந்தநாள்காரன் நாள் முழுக்க எலுமிச்சை சோடா குடித்து வயிறு உப்பி, தள்ளாடுகிறவனைத் தாங்கிப் பிடித்து, வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பான். கொண்டாடுகிறவன் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவான்.

இந்த முறை ஹஸ்ஸானுக்குப் போகவே மனசில்லை. செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக டிக்கெட். வந்ததிலிருந்து தைக்கால் தெருவுக்கும் தாலுகா ஆபீசுக்கும் கல்யாண வீடுகளுக்கும் அலைந்து உடம்பு ஓய்ந்து கிடந்தது. போதாததற்கு, பரிதியை ஏற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தியதும் அவன் மனைவி பூவிழி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அவரு சட்ட மாத்துறாரு. அதுக்குள்ள சொல்லிடுறேன் அண்ணே. தஞ்சாவூர்ல காட்டுனோம். ஈரல் கெட்டுப்போச்சாம். இனிமே தொட்டா ஆளே இருக்க மாட்டாருன்னு டாக்டர் என் மொகத்தப் பாத்தே சொல்லிட்டாரு."

ஹஸ்ஸான் வண்டியிலிருந்து இறங்கினான். "அப்ப இன்னிக்குப் போக வேணாம்மா" என்றான்.

"நீங்க போகலன்னா தனியாப் போவாரு. நீங்க கூட இருங்க. இருந்து, விட்டுடுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். நீங்க இதுவரைக்கும் ஒரு தடவகூட சொன்னதில்லயே அண்ணே."

அது உண்மை. சொன்னதில்லை. அதற்கு ஹஸ்ஸான் ஒரு காரணம் வைத்திருந்தான், யாரிடமும் சொல்லாத காரணம். குடி தனக்கு ஹராம். தான் போய் 'குடிக்காதே' என்றால் சிநேகிதன் பேசுவதாக இருக்காது, மார்க்கம் பேசுவதாக ஆகிவிடும். பரிதியோ எந்த ஓட்டலுக்குள் நுழைந்தாலும், தான் உட்காருவதற்கு முன் அடுப்படி வரைக்கும் போய், கறி ஹலாலா என்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டு வருகிறவன். போதையில்கூட அதை மறந்ததில்லை. தன் வழக்கத்தை அப்படி மதிக்கிறவனிடம் அவன் வழக்கத்தைப் பற்றி வாய் திறப்பது அழகா? இப்படித்தான் ஹஸ்ஸான் நினைத்தான். நல்லவர்கள் நினைக்கிற நினைப்புதான். அதனால்தான் அதிலிருந்து வெளியே வருவது கஷ்டமாக இருந்தது.

பரிதி இறங்கி வந்தான். கூலிக்குக் கதிர் அறுத்த காத்தானின் மகன். இப்போது கும்பகோணத்தில் பேங்க் அதிகாரி. இஸ்திரி கலையாத சட்டை. ஆனால் கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது, காலில் ஷூவுக்குப் பதில் ரப்பர் செருப்பு. பாதம் வீங்கி ஷூ ஏறவில்லை என்று கேட்காமலே தெரிந்தது.

வழியெல்லாம் சம்பா அறுவடை. ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். ஹஸ்ஸான் நெல்லில் டயர் படாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினான். பரிதி ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். 'ஓரமா நிறுத்தி இப்பவே சொல்லிவிடு' என்று ஹஸ்ஸானின் மனசு அரித்தது. நன்னிலம் போனது, பேரளம் போனது, வாய் திறக்கவில்லை.

மத்தியானம் பிரியாணிக் கடை. பரிதி வழக்கம்போல் அடுப்படிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஹலால்தான், உக்காரு" என்றான். ஹஸ்ஸானுக்கு நன்றாகச் சாப்பாடு போட்டுவிட்டு, தான் நாலு வாய் கொறித்தான். பிறகு முதல் பார். அங்கே சொல்லிவிடலாம் என்று ஹஸ்ஸான் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, பரிதி பழைய கணக்கு வாத்தியார் மாதிரி பேசிக்காட்ட ஆரம்பித்தான். ஹஸ்ஸானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபிறகு எப்படிச் சொல்வது? சாயங்காலம் கடைத்தெருவில் சூடாக இறால் வாடா, அரிசி மாவில் இறால் பதித்துப் பொரித்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றபடியே தின்றார்கள். அங்கேயும் சொல்லவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டதில் அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

கடைசியாகப் பப். கடற்கரை ரோட்டு ஓட்டல் ஒன்றின் மாடியில் புதிதாகத் திறந்திருந்தார்கள். நீல விளக்கு, காது கிழியும் பாட்டு. பக்கத்து மேசையில் திருவாரூர்ப் பக்கத்துப் பையன்கள், பெங்களூரில் வேலை பார்க்கிறவர்கள் போல, ஒருவரையொருவர் இங்கிலீஷில் திட்டிக்கொண்டிருந்தார்கள். பரிதி சொல்லி வைத்திருந்த கேக் வந்தது. ஹஸ்ஸானின் பெயரில் ஒரு 'ஸ்' குறைந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பெரிசுபடுத்தவில்லை. ஆளுக்கு ஒரு துண்டு தின்றார்கள். அடுத்து பரிதியின் கிளாஸ் வந்தது. அவன் அதை எடுத்தபோது கொஞ்சம் மேசையில் சிந்தியது. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனான்.

அதைப் பார்த்ததும் ஹஸ்ஸானால் பொறுக்க முடியவில்லை.

"விட்டுடுடா" என்றான்.

பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தான். கேட்டிருந்தது. பரிதி கிளாசை மேசையில் வைத்தான்.

"பூவிழி சொல்லச் சொன்னாளா?"

"சொல்லச் சொன்னா. ஆனா இப்ப நான்தான் சொல்றேன். செத்துப்போயிடுவடா. எனக்குப் பயமா இருக்கு."

பரிதி மேசைமேல் குனிந்து பேசினான். குரலில் கோபம் இல்லை.

"டாக்டர் சொன்னாரு. பூவிழி தெனம் சொல்றா. எங்கப்பா அழுதுகிட்டே சொன்னாரு. பேங்க்ல மேனேஜர்கூட கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. நீ ஒருத்தன்தான்டா சொல்லல. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கறவன் நீ. உனக்கே தப்பாத் தெரியலன்னா, இன்னும் அவ்வளவு மோசமாகலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மரியாதை என்று நினைத்து ஹஸ்ஸான் இத்தனை காலம் பொத்தி வைத்த மௌனத்தை, இவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"நான் சொன்னா மார்க்கம் பேசுறேன்னு நெனப்பியோன்னுதான்..."

"மண்ணாங்கட்டி. உனக்காக நான் அடுப்படி வரைக்கும் போறேன். எனக்காக நீ வாயத் தொறக்கக் கூடாதா?"

ஹஸ்ஸான் தலையைக் குனிந்துகொண்டான். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. பரிதி கிளாசை மேசையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினான்.

"சரி, விட்டுடுறேன். நீ சொல்லிட்டல்ல, விட்டுடுறேன். ஆனா நீ இங்க இருப்பியா?"

"எங்க?"

"ஊர்லதான்டா. பேங்க் விட்டு வந்தா எனக்கு எங்க போறதுன்னு தெரியல. கூடப் படிச்சவன் எவனும் ஊர்ல இல்ல. ஒருத்தன் சென்னை, ஒருத்தன் சிங்கப்பூர், நீ துபாய். சாயங்காலமானா பார்ல மட்டும்தான் தெரிஞ்ச மொகம் இருக்கு. நீ இருந்தா கடைத்தெருவுல உக்காந்து ரெண்டு பேரும் டீ குடிப்போம். அது போதும்டா எனக்கு."

கேட்டது பெரிய விஷயமே இல்லை. ஹஸ்ஸானும் துபாயில் படுக்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுப்பான். மனைவி ஷமா ஒவ்வொரு லீவிலும் கேட்பது இதுதான். 'போகல' என்று ஒரு வார்த்தை. ஆனால் வீட்டில் மாடி எழும்பிப் பூசாமல் நிற்கிறது, மகள் நுஸைபாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், மகன் காலேஜில் சேர்ந்திருக்கிறான். இதெல்லாம் முடிந்தாலும் வேறு ஏதாவது வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. வீடு வெறும் சாக்கு. போகாமல் இருந்தால் தான் யார் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பரிதி காத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இப்படி ஓர் ஆசையை ஹஸ்ஸான் சின்ன வயசில்கூடப் பார்த்ததில்லை.

"இந்த ஒரு தடவ மட்டும் போயிட்டு வந்துடுறேன்டா" என்றான் ஹஸ்ஸான். "இதோட விட்டுடுவேன். சத்தியமா."

பரிதி அவனையே பார்த்தான். முகத்திலிருந்து அந்த ஆசை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நானும் இதையேதான்டா பூவிழிகிட்ட சொல்லுவேன்" என்றான். "அச்சு அசலா இதையேதான்."

பிறகு கையை நீட்டிக் கிளாசைத் தன் பக்கம் இழுத்துக் குடித்தான். ஹஸ்ஸான் தடுக்கவில்லை. தடுக்கும் யோக்கியதை தனக்குப் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.