புலி வருஷத்துக்காரன்

தொம்.

தண்ணீருக்கடியில் வெடித்த சத்தம் முதலில் காலுக்குத்தான் தெரிந்தது, பிறகுதான் காதுக்கு. மூங்கில் தரை ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. சவப்பெட்டியின் தலைமாட்டில், குவித்த சோற்றின் மேல் வைத்திருந்த அவித்த முட்டை நழுவி உருண்டு, லுவாவின் முழங்காலில் வந்து நின்றது.

அவள் அதை எடுத்துத் துடைத்து, சோற்றில் செருகியிருந்த இரண்டு குச்சிகளுக்கு நடுவே மறுபடி வைத்தாள். நெற்றியில் கட்டிய வெள்ளைத் துணி கண் வரைக்கும் இறங்கியிருந்தது. அதை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"காலங்காத்தாலயே ஆரம்பிச்சுட்டான் கப்பல்காரன்," என்றார் சின் மாமா. பெட்டி செய்தவர் அவர்தான். பெட்டியைக் கொண்டுபோகும் படகும் அவருடையதுதான். "எவனாவது நீந்தி வந்து கப்பலுக்கடியில வெடி வெச்சிடுவான்னு பயந்து, இவனே தண்ணிக்குள்ள குண்டு போடுறான். இதுவரைக்கும் ஒரு ஆளும் சாகல. மீன்தான் சாவுது."

மற்ற நாளாக இருந்தால் இந்தச் சத்தம் கேட்டதும் கரையில் ஒரு வீட்டில் ஆள் இருக்காது. கப்பலுக்குக் கீழே, நீரோட்டம் திரும்பும் இடத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்து வரும். கூடையும் வலையுமாகப் படகுகள் பாயும். முதல் படகு எப்போதும் லுவாவின் புருஷன் கியெமுடையதாகத்தான் இருக்கும். இன்று யாரும் எழவில்லை. எழ வேண்டியவன் பெட்டிக்குள், நாற்றம் வராமலிருக்கக் கொட்டிய தேயிலைக்கு நடுவே படுத்திருந்தான்.

"இன்னிக்கு மீனெல்லாம் அந்த துவோங் பயலுக்கே," என்றாள் தாம். கியெமின் அக்கா. அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டியிருந்தது. "தின்னுட்டுப் போகட்டும். தொண்டையில முள்ளு குத்தட்டும்."

துவோங் ஆற்றுப் போலீஸ். ரோந்துப் படகில் அமெரிக்கர்களோடு ஏறிக்கொண்டு வருவான். எந்தப் படகை நிறுத்துவது, எந்தக் கூடையைக் கிளறுவது என்பதெல்லாம் அவன் விரல் காட்டும் திசையில்தான். கப்பலின் வெடியில் சாகும் மீனும் தனக்குத்தான் என்று இரண்டு மாதம் முன்பு சொல்லத் தொடங்கினான். எல்லோரும் பேசாமல் பாதிக் கூடையைக் கொடுத்தார்கள். கியெம் மட்டும், "வெடி அமெரிக்கனுது, ஆறு எல்லாருக்கும் பொது. இதுல உங்களுது எதுங்க?" என்று கேட்டுவிட்டான். சுற்றியிருந்த படகுகளில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பை துவோங் மறக்கவில்லை.

மூன்று நாளுக்கு முன்பு கியெமுக்கு வயிற்று வலி. விடிந்தபோது வயிறு பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது. லுவா அவனைப் படகில் போட்டு, வின் லாங் ஆஸ்பத்திரிக்குத் துடுப்பு வலித்தாள். கப்பல் பக்கத்தில் ஆறு அடைபட்டிருந்தது. மேல் பக்கம் ஒரு ரோந்துப் படகு கண்ணிவெடியில் மாட்டியதாம். இருபது முப்பது படகுகள் வரிசையில் நின்றன. சேதமான படகைக் கப்பலின் கிரேன் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டிருந்தது.

கப்பலில் டாக்டர் உண்டு. போன மாதம் தேங்காய் விற்கும் பெண் ஒருத்திக்குக் கழுத்துக் கட்டியைக் கீறி மருந்து வைத்து அனுப்பியிருந்தார்கள். லுவா அதைத்தான் நம்பினாள். "ஐயா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்று படகில் மண்டியிட்டு துவோங்கைக் கெஞ்சினாள். தலை தரையில் படும்வரை கும்பிட்டாள்.

"அழுகையெல்லாம் எங்கிட்ட வேணாம். நான் புலி வருஷத்துல பொறந்தவன். இளக மாட்டேன்," என்று அவன் சிரித்தான். பிறகு பக்கத்தில் நின்ற அமெரிக்கனிடம் திரும்பி ஏதோ சொன்னான். அமெரிக்கன் குனிந்து, சுருண்டு கிடந்த கியெமைப் பார்த்தான். கட்டை விரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டி, சிரித்துவிட்டுப் போனான்.

குடிகாரன்.

அந்த பாஷை தெரியாவிட்டாலும் அந்த விரல் அவளுக்குப் புரிந்தது. வரிசை நகர மத்தியானம் ஆனது. ஆஸ்பத்திரிப் படித்துறை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் கியெம் அவள் கையை விட்டான்.

"லுவா, நேரமாச்சு," என்றார் சின் மாமா. "மூடியை அழுத்தி அடிக்கல. நாலு ஆப்பு மட்டும்தான் வெச்சிருக்கேன். போன வாரம் ஒரு பெட்டியில துப்பாக்கி கிடைச்சுதாம். இப்ப எல்லாப் பெட்டியையும் தொறந்து பாக்குறானுங்க."

"தெரியும் மாமா."

"அதான் சொல்றேன். வாய்க்கால் வழியாப் போயிடலாம். அரை மணி கூடுதல். ஆனா கப்பல் கெடையாது, போலீஸ் கெடையாது."

"ஆத்து வழியாவே போலாம்."

"மூடின பெட்டியைத் தொறக்க விடுறது நல்லதில்லம்மா."

"அவர் ஆத்துலயே பொழைச்சவரு. வாய்க்கால்ல ஒளிச்சுக் கொண்டுபோக மாட்டேன்."

லுவா எழுந்து அடுப்படிக்குப் போனாள். இறந்தவனுக்காக எரிக்கும் காகிதப் பணம் அங்கே கட்டாக இருந்தது. ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டாள். நடுவே மடியிலிருந்து கியெமின் அடையாள அட்டையை எடுத்து அதோடு சேர்த்துப் போட்டாள். அட்டையிலிருந்த படம் சுருண்டு கருகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகில் பெட்டியை ஏற்றியதும், முற்றத்திலிருந்த செங்கற்களைக் காட்டினாள்.

"இதையும் ஏத்துங்க. பலகைக்கு அடியில அடுக்குங்க."

"கல்லறை கட்ட இன்னும் எவ்வளவோ நாளிருக்கு," என்றாள் தாம். "இன்னிக்கே எதுக்கு? படகு முங்கிடப் போவுது."

"முங்காது அண்ணி."

முங்கவில்லை. ஆனால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான் மிஞ்சியது. முன்னால் ஒரு மூங்கிலில் சிவப்புத் துணிக் கொடி. இறந்தவன் பெயரும் பிறந்த வருஷமும் வெள்ளை எழுத்தில். புருஷனை இழந்தவள் வெளியே போகக் கூடாது என்று தாம் தடுத்தும் கேட்காமல், நேற்று லுவாவே கோயிலுக்குப் போய் எழுதி வாங்கி வந்தது. தாமுக்கு எழுத்து தெரியாது. மேளக்காரன் ஒருவன், தாம், லுவா, சின் மாமா. நாலு பேர்.

கப்பல் நடு ஆற்றில் சாம்பல் நிறத்தில் நின்றது. அதன் விலாவை ஒட்டி பச்சை ரோந்துப் படகுகள் பால் குடிக்கும் குட்டிகள் மாதிரி கட்டிக் கிடந்தன. ஒன்று மேலே கிரேனில் தொங்கியது. அதன் அடிப்பக்கத்து ஓட்டைகளை இரண்டு பேர் பசை தடவி அடைத்துக்கொண்டிருந்தார்கள். பசை நாற்றம் ஆறு முழுக்க அடித்தது. இங்கே ஓட்டையோடு வரும் படகு மூன்றாம் நாள் புதுசாக ஆற்றில் இறங்கும். எண்ணெய், குண்டு, ஐஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த வயிற்றுக்குள்தான்.

ஒரு ரோந்துப் படகு விலகி அவர்களை நோக்கி வந்தது. முன்னால் துவோங். மேளக்காரனின் கை நின்றது.

"அட, கியெம் வீட்டு ஆளுங்களா," என்றான் துவோங். குரலில் கேலியும் இல்லை, வருத்தமும் இல்லை. "கேள்விப்பட்டேன். விதி. போங்க, போங்க."

"தொறந்து பாக்கலையா ஐயா?" என்றாள் லுவா.

"செத்த வீட்டை எதுக்குத் தொந்தரவு பண்ண."

அப்போதுதான் அவன் கண் கொடிக்குப் போனது. உதடு அசையப் படித்தான். கடைசி வரியில் உதடு நின்றுவிட்டது. இடது கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அதில் ஒரு புலி நகம் தொங்கியது.

"குரங்கு வருஷமா?"

"படிச்சவரு, நீங்களே பாத்துட்டீங்க," என்றாள் லுவா.

அழுதுகொண்டிருந்த தாமின் அழுகை சட்டென்று நின்றது. அவள் திரும்பி லுவாவைப் பார்த்தாள். லுவா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். தாம் மறுபடி அழத் தொடங்கினாள், முன்னைவிடச் சத்தமாக.

"அட்டை எங்க?" என்றான் துவோங்.

"காகிதப் பணத்தோட சேத்து எரிச்சுட்டோம். அங்க போனா கேப்பாங்கல்ல."

பன்னிரண்டு மிருக வருஷங்களில் புலிக்கும் குரங்குக்கும் ஆகாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆகாத வருஷத்துக்காரன் பெட்டி மூடும்போதும் நிற்கக் கூடாது, திறக்கும்போதும் நிற்கக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டால் நூறு நாளுக்குள் இறந்தவன் வந்து கூட்டிக்கொண்டு போவான். துவோங் ஓர் அடி பின்னால் நகர்ந்து, போகச் சொல்லிக் கையை வீசினான்.

அந்தக் கையைப் பின்னாலிருந்து ஒரு நீண்ட கை விலக்கியது. செம்பட்டை முடி அமெரிக்கன். அவன் கொடியைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. படகின் விளிம்பையும் தண்ணீரையும் பார்த்தான். ஒரு பிணம், நாலு பேர், இவ்வளவு பாரமா? துப்பாக்கியின் குழாயால் பெட்டியைத் தட்டிக் காட்டி துவோங்கிடம் ஒரு வார்த்தை சொன்னான்.

துவோங் பதிலுக்கு நிறையச் சொன்னான். சிரித்தான். கும்பிட்டான். தலையில் கை வைத்துக் காட்டினான். அமெரிக்கன் சிரிக்கவில்லை. ரோந்துப் படகின் மேல்தட்டில் நின்றவன் பெரிய துப்பாக்கியை லுவாவின் நெஞ்சுக்கு நேராகத் திருப்பினான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நெற்றித் துணிக்குள் வியர்வை ஊறியது. ஒரு விரல் அசைந்தால் நாலு பேரும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். செங்கல்லை அடுக்கும்போதே தெரியும்.

"யோவ் கிழவா, நீ தொற," என்றான் துவோங்.

சின் மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மூடின கை தொறக்கக் கூடாதுங்க. எனக்குப் பேரன் பேத்தி இருக்கு."

"நீ தொறடி."

"நான் பொண்டாட்டி. மூடின பெட்டியை நான் தொறந்தா அவர் போவாரா?" என்றாள் லுவா. "நீங்கதான் போலீஸ். அன்னிக்கு அவ்வளவு நல்லா அவங்க பாஷை பேசினீங்களே. இன்னிக்கும் பேசிப் பாருங்க."

அமெரிக்கன் கத்தினான். துவோங் இந்தப் படகுக்குத் தாண்டி வந்தான். படகு ஆடித் தண்ணீர் உள்ளே தெறித்தது. சின் மாமாவின் சுத்தியலை எடுத்து ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டினான். மூன்றாவது ஆப்பு வரும்போது சுத்தியல் பெருவிரலில் பட்டது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டே மூடியைத் தள்ளினான். தேயிலை வாசமும் அதற்கு அடியிலிருந்து வேறொரு வாசமும் வந்தன.

அமெரிக்கன் கையால் சைகை காட்டினான். உள்ளே. கீழே. துவோங் கண்ணை மூடிக்கொண்டு தேயிலைக்குள் கையை விட்டான். துழாவினான். கை எதிலோ பட்டதும் தன்னையறியாமல் கண்ணைத் திறந்தான்.

லுவா அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நல்லாப் பாருங்க ஐயா. முகத்தைப் பாருங்க. குடிச்ச மாதிரியா இருக்கு?"

துவோங் தேயிலை ஒட்டிய கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே துடைப்பதென்று தெரியாதவன் மாதிரி.

அமெரிக்கன் பலகையைத் தூக்கிச் செங்கற்களைப் பார்த்தான். ஒன்றை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தான். பிறகு பெட்டிக்குள் பார்த்தான். சற்று நேரம் பார்த்தான். அன்றைக்குக் குனிந்து பார்த்தவன் இவன்தானா என்று லுவாவுக்கு நிச்சயமில்லை; அவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றினான். கப்பலின் கைப்பிடியில் சாய்ந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சிகரெட் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள்பையில் சிவப்புச் சிலுவை போட்டிருந்தது.

"போலாமா ஐயா?" என்றாள் லுவா.

துவோங் அவளைப் பார்க்கவில்லை. தன் படகுக்குத் தாண்டியபோது ஒரு கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனது. பிடிக்க யாரும் கை நீட்டவில்லை. மேளக்காரன் அடிக்கத் தொடங்கினான்.

தென்னந்தோப்பில் கியெமின் அப்பாவுக்குப் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. பெட்டியை இறக்கினார்கள். சிவப்புக் கொடியை மூங்கிலிலிருந்து அவிழ்த்து, பெட்டியின் மேல் நீளவாக்கில் விரித்தார்கள். அதன் மேல் மண் விழுந்தது. ஈர மண். முதலில் பெயர் மறைந்தது; பிறகு வருஷம்.

எல்லோரும் படகுக்குப் போன பிறகு, லுவா வரப்போரத்து நீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் சிக்கிய மண்ணை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தாள். தாம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூரத்தில், ஆற்றுப் பக்கம், மறுபடி ஒரு தொம். அந்த நீர் வட்டமிட்டு அடங்கியது.

"லுவா."

"சொல்லுங்க அண்ணி."

"தம்பி ஆட்டு வருஷம். நான்தான் இடுப்புல தூக்கி வளத்தேன். எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும்."

"அப்ப ஆட்டுக்கும் புலிக்கும் ஒண்ணுமே இல்லியே. அவனுக்கு ஒரு தும்மல்கூட வராதே."

லுவா கையை உதறினாள். நெற்றித் துணியை அவிழ்த்துப் பிழிந்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

"வராது அண்ணி. ஆனா கொடி மண்ணுக்குள்ள போயிடுச்சு, அட்டை அடுப்புல போயிடுச்சு. இனி நூறு நாளைக்கு அவன் அதை யார்கிட்ட போய்க் கேப்பான்?"