ஐந்து விரல், ஐந்து இடம்

இதை எழுதத் துணிந்தமைக்காக, வாசிக்க நேரும் பெரியோர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எழுத்தாளன் அல்லன். உயர்நிலைப் பள்ளியொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாகப் புவியியல் கற்பித்துவருபவன். பிறர் எழுதியதைச் சிவப்பு மையால் திருத்திய பழக்கம் உண்டே தவிர, சொந்தமாக ஒரு பக்கத்துக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருப்பின் அது என்னுடையது. கீழே சொல்லப்போகும் காரியத்திலும் பிழை என்னுடையதே.

வாடகைக் கார் காலை ஒன்பதரை மணிக்கு விடுதி வாசலில் வந்து நின்றது. என் மனைவி பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து, சேலைத் தலைப்பை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவதற்குள் நான் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் அதைப் பார்த்துப் புன்னகைத்தார். எங்களுடைய கல்யாண நாள் என்று நினைத்திருப்பார். நான் அவளுடைய கட்டைவிரலை மடக்கி, "இது மணிக்கூண்டு. முதல்ல அங்கதான் போறோம். எங்க, சொல்லு" என்றேன்.

"மணிக்கூண்டு" என்றாள். பிறகு ஓட்டுநரிடம், "நீங்க ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க தம்பி. இவரு வாத்தியாரு. கையைப் புடிச்சாலும் பாடம் நடத்தத்தான் புடிப்பாரு" என்றாள்.

அவள் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பணியில் இருந்தாள். இருபத்தேழு ஆண்டுகள் ஒரே ஜன்னல். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, தட்டையான ஒரு கத்தியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவாள். அவளுடைய கை வேகத்தைப் பார்ப்பதற்காகவே வரிசையில் நிற்பதாகச் சொன்ன நோயாளிகள் உண்டு. வீட்டில் பட்டாணி உரித்தாலும் ஐந்தைந்தாகத்தான் கிண்ணத்தில் விழும். அப்படிப்பட்டவள் மூன்று வாரங்களுக்கு முன்பு, தலைவலி என்று வந்த ஒரு பெண்ணின் உறைக்குள் இதய நோயாளிக்குரிய மாத்திரைகளை எண்ணிப் போட்டுவிட்டாள். பக்கத்து ஜன்னலில் இருந்தவர் பார்த்துத் தடுத்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் அது முதல் முறை அன்று என்பது விசாரித்தபோது தெரியவந்தது. தலைநகரத்தில் இருக்கும் நினைவாற்றல் மருத்துவரிடம் சான்று பெற்று வந்தால் மறுபடியும் ஜன்னலுக்கு வரலாம் என்று கண்காணிப்பாளர் மிகுந்த மரியாதையுடன் சொல்லி அனுப்பினார். அந்த மருத்துவர் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார். அதற்கு முதல் நாள்தான் இந்தச் சுற்றுலா.

சுற்றுலாவுக்கு மூலகாரணம் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அவருடைய மாமனாரும் அதே மருத்துவரிடம் சென்றவர். "அவங்க முக்கியமா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் சார். நேத்து எங்க போனீங்க, என்ன பண்ணீங்க, வரிசையா சொல்லுங்கம்பாங்க. எங்க மாமனார் அங்கதான் கோட்டை விட்டாரு" என்றார். அதைக் கேட்டதும் வினாத்தாள் கையில் கிடைத்தவன் போல் ஆகிவிட்டேன். சொல்ல வெட்கமாயிருக்கிறது. என் பாடத்தில் ஆண்டுதோறும் வரும் கேள்வி ஒன்றுண்டு: கொடுக்கப்பட்ட வரைபடத்தில் கீழ்க்கண்ட ஐந்து இடங்களைக் குறிக்கவும், ஐந்து மதிப்பெண்கள். மக்குப் பையன்களைக்கூட அதில் ஐந்துக்கு ஐந்து வாங்கவைத்துவிடுவேன். பள்ளி நூலகத்திலிருந்த தலைநகர வரைபடத்தை விரித்து, வழி குழம்பாதபடி ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். மணிக்கூண்டு, பழைய அரண்மனை, இரும்புப் பாலம், அருங்காட்சியகம், கலங்கரை விளக்கம். விரலுக்கு ஓர் இடம். தேறிவிட்டாள் என்றால் நோயே இல்லை என்று ஆகிவிடும் என உண்மையாகவே நம்பினேன். தேர்வில் தேறிய மாணவனுக்குப் பாடம் தெரியும் என்று இருபத்தாறு ஆண்டுகளாக நம்பிவருபவனுக்கு அது கடினமாக இல்லை.

மணிக்கூண்டைக் கரும்பலகையில் எத்தனையோ முறை ஒரு புள்ளியாகக் குறித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். அதன் நிறத்தைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓட்டுநர் அதைக் கட்டியவரைப் பற்றியும், நான்கு முகங்களும் நான்கு நேரம் காட்டுவதைப் பற்றியும் சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவளுடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரண்மனை வாசலில் என் தலையில் முதல் இடி விழுந்தது. இறங்கி நடந்து, திரும்பிவந்து காரில் அமர்ந்த பிறகு, "ரெண்டு விரலும் சொல்லு" என்றேன். கட்டைவிரலை மடக்கி மணிக்கூண்டு என்றாள். ஆட்காட்டி விரலை மடக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். அரண்மனை கண்முன்னால் நின்றது. "ஆஸ்பத்திரி" என்றாள். மணி பதினொன்று, மறுநாள் பத்து மணிக்கு இன்னும் இருபத்துமூன்று மணி நேரம் இருந்தது.

"அரண்மனை. நம்ம இப்ப எங்க இருக்கோம்? பாரு, வாசல்ல சிங்கம் இருக்கு. சிங்கம், அரண்மனை. பத்து தடவை சொல்லு."

"எழுதிக் காட்டட்டுமா சார்?" என்றாள். ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, ஓடிருவாங்க. பரீட்சை வைக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன்."

"எங்க வீட்ல கொழம்புக்குக்கூட மார்க் உண்டு தம்பி. முப்பது வருஷமா ஜஸ்ட் பாஸ்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரும்புப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்த ஓர் ஒதுக்கிடம் இருந்தது. காற்று பலமாக அடிக்கும் என்று எச்சரித்துவிட்டு ஓட்டுநர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார். மழை தூறும் போலிருந்ததால் அவளுடைய நீல மடக்குக் குடையை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் ஆற்றைப் பார்த்தாள். சரக்குப் படகு ஒன்று பாலத்தின் நிழலுக்குள் புகுந்துகொண்டிருந்தது. அவள் பேசத் தொடங்கினாள். நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை என் சட்டைக் கையைப் பற்றி, பதிலுக்குக் காத்திருப்பவள் போல் என் முகத்தைப் பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் அவள் மாற்றிச் சொல்லிவிடக்கூடும், பாலத்துக்கு எதை அடையாளமாகக் கொடுப்பது, படகு போதுமா என்பதே என் கவலை.

"சரி, சரி. இது எத்தனாவது விரல், அதைச் சொல்லு."

என் சட்டைக் கையை விட்டாள். பிறகு நடுவிரலை மடக்கிக் காட்டினாள். "பாலம்" என்றாள். சரியான விடை. உள்ளுக்குள் பெருமூச்சு விட்டேன்.

அருங்காட்சியகத்தில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் அவளைக் காணவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று சலசலத்துக்கொண்டு போயிற்று. அதற்குள் தேடினேன். கழிப்பறை வாசலில் நின்று, பெண்கள் முறைக்க, அவளைக் கூப்பிட்டேன். காவலரிடம் அடையாளம் சொல்லப் போனால் அன்று அவள் உடுத்தியிருந்த சேலையின் நிறம் நினைவுக்கு வரவில்லை. பச்சை என்று சொல்லிவிட்டேன். கடைசியில் பெரிய கூடத்தில், கூரையிலிருந்து தொங்கும் திமிங்கல எலும்புக்கூட்டின் கீழே, ஒரு பெஞ்சில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். சேலை ஊதா நிறம். காற்றில் விரலால் எதையோ தள்ளித் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க போய்த் தொலைஞ்ச நீ?"

"நான் எங்கயும் போகலையே. இங்க வாங்க, இந்தப் பக்கம் விலா எலும்பு மூணு அஞ்சு, பதினஞ்சு. அந்தப் பக்கம் பதினாலுதான் இருக்கு. மாட்டினவன் என்னை மாதிரி ஆளு போலிருக்கு."

"ஏந்திரி. இது நாலாவது விரல். மியூசியம்."

"ஒரு தடவை நீங்களும் எண்ணிப் பாருங்களேன்."

நேரமில்லை என்றேன்.

கலங்கரை விளக்கத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. குடை எங்கே என்று கேட்டேன். அவள் கைப்பையைத் திறந்தாள்; மூடினாள்; மறுபடியும் திறந்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. "வெச்சேனா? எங்க வெச்சேன்?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள். "இதுக்குத்தான் சொல்றது, எதையும் கவனமா வெச்சுக்கணும்னு" என்று கடிந்துகொண்டேன். குடை என் கையில் இருந்தது என்பதும், அதை நான்தான் எங்கேயோ விட்டேன் என்பதும் அன்றிரவு படுத்த பிறகுதான் நினைவுக்கு வந்தன. அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குத் தேர்வு இருக்கையில் எதற்குக் குழப்ப வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மருத்துவர் இளம் பெண்; என்னிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் படித்துப் போன மாணவர்களின் வயது இருக்கும். அறையில் மூன்று நாற்காலிகளும் ஒரு கைகழுவும் தொட்டியும் இருந்தன. தேதி கேட்டார், சொன்னாள். எந்த மாடி என்று கேட்டார், சொன்னாள். பிறகு, "நேத்து எங்கெல்லாம் போனீங்கம்மா? வரிசையா சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்.

அவள் கையை மடிமீது வைத்துக்கொண்டாள். மேசை மறைத்ததால் விரல்கள் மருத்துவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தன. மணிக்கூண்டு. சிங்கம் இருந்துச்சே, அந்த அரண்மனை. இரும்புப் பாலம். மியூசியம். கடைசியாக் கலங்கரை விளக்கம். ஒரு திணறல் இல்லை. மருத்துவர் புன்னகைத்துத் தாளில் எதையோ போட்டார். தலைகீழாக இருந்தாலும் ஒரு சரிக்குறியை என்னால் அடையாளம் காண முடியும்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா."

"டாக்டர்," என்றாள் என் மனைவி. "இன்னொரு கேள்வி கேளுங்க. அந்தப் பாலத்துல நின்னுக்கிட்டு நான் ஒரு விஷயம் சொன்னேன். அது என்னன்னு கேளுங்க."

"சொல்லுங்க, என்ன சொன்னீங்க?"

"என்கிட்ட இல்ல. இவர்கிட்ட கேளுங்க."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். இருவரும் காத்திருந்தார்கள். படகு நினைவுக்கு வந்தது. அவள் சிரித்தது, என் சட்டைக் கையைப் பற்றியது, எல்லாம் வந்தன. அவளுடைய வாய் அசைவதுகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. "அங்க காத்து ரொம்ப அதிகமா இருந்துச்சு டாக்டர்" என்றேன். பாடம் படிக்காத பையன்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று போலத்தான் அது எனக்கே கேட்டது.

என்னை மடக்கிவிட்ட மகிழ்ச்சியை அவளுடைய முகத்தில் தேடினேன். அது இல்லை. அவள் என்னைச் சோதிக்கவில்லை என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு விடை வேண்டியிருந்தது.

"எனக்கும் ஞாபகம் இல்ல டாக்டர்," என்றாள். "முக்கியமானதுன்னு மட்டும் தெரியுது. இவராவது வெச்சிருப்பாருன்னு நினைச்சேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த அஞ்சு இடமும் இவரு சொல்லிக் கொடுத்தது. பேரு வருது. போன மாதிரியே இல்ல. இவரு பாவம், நல்லதுக்குத்தான் பண்ணினாரு. ஆனா ஜன்னல்ல வரிசையா வந்து நிக்கறாங்களே, அங்க யாரு வந்து எனக்கு விரலை மடக்கி விடுவா?" மடியிலிருந்த கையை எடுத்து மேசைமீது விரித்து வைத்தாள். மருத்துவர் சரிக்குறியின் மேல் ஒரு கோடு போட்டார்.

இரண்டு வாரங்கள் கழித்து அந்த ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசினேன். குடை எதுவும் காரில் இல்லை என்றார். நான் தொடர்பைத் துண்டிக்காமல் நின்றதால், வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். தயங்கித் தயங்கி, பாலத்தின்மேல் என் மனைவி பேசியது ஏதேனும் அவருடைய காதில் விழுந்ததா என்று கேட்டேன்.

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சே சார். ஒண்ணும் கேக்கல. ஆனா அக்கா ரொம்ப நேரம் பேசினாங்க. தண்ணியைக் காட்டிக் காட்டிப் பேசினாங்க. நீங்க தலையை ஆட்டிட்டே இருந்தீங்களே சார், உங்களுக்குத் தெரியாதா?"

நான் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அடுக்களை தெரிந்தது. அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து விழுந்தன. பிறகு நான்கு. கையை நிறுத்தி, கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகத் தொலைந்தவை: கம்பி ஒன்று வளைந்த நீல மடக்குக் குடை, என் கையிலிருந்து. இருபத்தேழு ஆண்டுகள் நின்ற ஜன்னல். ஒரு நகரம், அதை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. திமிங்கலத்தின் ஒரு பக்கத்து விலா எலும்பு ஒன்று, நான் எண்ணிப் பார்க்காதது. பாலத்தின்மேல் அவள் சொன்னது.