சூடம் அணைத்தவன்

பந்து உதைக்க மாதச் சம்பளம் கொடுத்த அணி ஒன்று திருவண்ணாமலையில் இருந்தது என்றால் இன்று யார் நம்புவார்கள்? எழுபத்தொன்பதில் அரிசி மில் ராஜமாணிக்கம் அதைத் தொடங்கினார். ஊரார் வைத்த பெயர் 'சம்பள டீம்'. ஏழே மாதம்தான் உயிரோடிருந்தது. அதில் போட்ட கோலைவிடச் சிந்திய ரத்தம் ஜாஸ்தி. செங்கத்தில் ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. ஆரணியில் லைன்ஸ்மேனின் மண்டை உடைந்தது.

வேலூர்க்காரர்களோடு ஆட்டம். அன்று காலை, மில் பிள்ளையார் முன்னால் முதலாளி சூடம் ஏற்றி, தடுப்பு வரிசையில் 'பேக்' ஆடும் பரசுராமனைக் கூப்பிட்டார்.

"தோத்தா டீம கலைச்சிடுவேன். வேலூர் டீமுக்கு கோல் போடுறானே அந்த அப்பாசாமி, அவன் கால உடைக்கணும். சூடம் அணைடா."

"பந்தைத் தடுக்கிறேங்க. கால் எதுக்குங்க?"

"உன் கிராமம் அடி அண்ணாமலைக்கே போயி மாடு ஓட்டு, போ," என்று சிரித்தான் கூட ஆடும் தருமன்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பரசுராமன் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "அவன் கால உடைக்கலைன்னா அண்ணாமலையார் என் கால எடுத்துக்கட்டும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாமிமேல் செய்த சத்தியம்.

ஆட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிடம் தருமன் ஒருவனின் மூக்கை உடைத்தான். பதிலுக்கு வேலூர்க்காரன் ஒருவனின் பூட்ஸ் பரசுராமனின் புருவத்தைக் கிழித்தது. சுருண்டு விழுந்தான். "எழுந்திருடா சோம்பேறி!" என்று கத்தினது அவன் ஊர்க் கூட்டம்தான். ஓடி வந்தவன் அப்பாசாமி. நெற்றியில் கட்டியிருந்த கர்சீப்பை அவிழ்த்துக் காயத்தில் கட்டினான்.

"அசையாதண்ணே, கண்ணுக்குள்ள போவுது. கையில இன்னா கொப்புளம்?"

"அடுப்புல பட்டுச்சு."

"வெண்ண தடவு."

கடைசி நிமிடம். அப்பாசாமி தனியாகப் பந்தோடு வந்தான். "சத்தியம்டா! போடுடா!" என்று தருமன் அலறினான். அவன் முழங்கால் எலும்பு உதைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பரசுராமன் ஓங்கிய காலைப் பந்தின் மேல்தான் விட்டான். தவறியது. கோல்.

கூட்டம் சைக்கிள் செயினோடு உள்ளே பாய்ந்தது. அப்பாசாமியைத் தள்ளி மிதித்தார்கள். பரசுராமன் அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். முதுகில் செயின் விழுந்தது, விலாவில் உதை விழுந்தது. மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கி வந்த தருமன், "சத்தியம் தப்பின நாயே!" என்று ஓங்கி இறக்கினான். தன் கால் எலும்பு முறிந்த சத்தம் பரசுராமனுக்கே கேட்டது.

மறுநாளே டீம் கலைந்தது. பனியன்கள் மில்லில் மெஷின் துடைக்கப் போயின.

மூன்றாம் நாள், முகமெல்லாம் வீங்கிய அப்பாசாமி ஆஸ்பத்திரிக்கு வந்தான். கையில் பூவரசு இலைப் பொட்டலம். வெண்ணெய்.

மாவுக்கட்டுக் காலோடு கிடந்தவனுக்குச் சிரிப்பு வந்தது. சூடம் அணைத்த கதையை அவனிடமே சொல்லிவிட்டுக் கேட்டான்:

"சாமிகிட்ட பொய் சொன்னவனா ஆயிட்டேனா?"

"நீதான் என் காலு, இல்லன்னா உன் காலுன்னு ரெண்டுல ஒண்ணு சொன்னியே. எதை எடுத்துக்கணும்னு சாமிக்குத் தெரியாதா?" என்றான் அப்பாசாமி. "கைய நீட்டு."

பரசுராமன் உள்ளங்கையை விரித்தான்.