இரண்டு பேர் பார்த்த ஸ்லைடு

கடப்பாக்கத்திலிருந்து வந்த பாப்பா என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்ச் செல்கள் இரண்டு மூன்று நாளாக என் கண்ணை விட்டுப் போகவில்லை. சோற்றில் கை வைத்தால் தட்டில் தெரிகின்றன. கண்ணை மூடினால் இன்னும் நன்றாகத் தெரிகின்றன.

செங்கல்பட்டில் எங்கள் லேபில் செல்கள் தடவிய ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடையும் நானும் டாக்டர் ராகவனும் தனித்தனியாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சந்தேகமான செல்லுக்குப் பக்கத்தில் மையால் புள்ளி வைப்போம். அடுத்தவரிடம் தருமுன் அதைத் துடைத்துவிட வேண்டும். ஒருவர் பயம் மற்றவரைத் தொற்றக் கூடாதாம். ராகவன் போட்ட சட்டம். சட்டம் போடுவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி.

பாப்பாவுக்கு வெறும் புண்தான் என்றேன் நான். "இல்ல சுஷ்மிதா, இது புத்துநோய்க்கு முந்தின மாற்றம்," என்றார் அவர். என் பேச்சு சரியென்றால் அவள் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். அவர் பேச்சு சரியென்றால் உடனே சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

எனக்குக் கோபம். அவர் வாயை அடைக்கத்தான் இன்று காலை மறுபடி பார்த்தேன். நேற்றுவரை சாதுவாக இருந்த உட்கரு இன்று கறுத்து, உப்பி, என்னையே பார்த்தது. அவர் அறைக்கு ஓடினேன்.

"நீங்க சொன்னதுதான் சரி."

ராகவன் முகம் வெளுத்தது. "நானும் நேத்து ராத்திரி மறுபடி பார்த்தேன். நீ சொன்னதுதான் சரின்னு எழுதிட்டேன்."

இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குள் எதுவும் நகராது. அப்படியானால் நகர்ந்தது எது? அந்த அறையில் நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வெளியே பெஞ்சில் பாப்பா காத்திருந்தாள். "இன்னா கீது டாக்டரம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு பேர் பார்த்தோம்மா. எங்களுக்குள்ள ஒத்து வரல." திட்டுவாள் என்று நின்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சு. அப்போ சதை எடுத்தே பாத்துடுங்க. எங்கம்மா காசியம்மாளுக்கும் இங்கதான் பாத்தது. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா, ஒண்ணியும் இல்லன்னு சொல்ட்டீங்க. போன மாசம்தான் அடக்கம் பண்ணோம்."

சதைச் சோதனைக்கு அவளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, காசியம்மாள், காசியம்மாள் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நானும் ராகவனும் சண்டை போட்ட ஸ்லைடு ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஒத்துப்போனதில் ஒன்றுகூட நினைவில்லை.