ஃபிளெக்ஸில் மஞ்சுவைக் காணோம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இருசம்மாள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கிறாள், மகள் படித்த கல்லூரி வைத்த ஃபிளெக்ஸில் அவள் படத்தைப் பார்க்க. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வேறு வந்திருக்கிறாள்.

"எங்கடி ஒம் போட்டோ?"

"அதோ, எம் பேரு பெருசா போட்டிருக்குல்ல, அதுக்கு மேல."

"அது யாரோ செவப்பா ஒரு புள்ளையில்ல?"

மஞ்சு அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். 'பல்கலைக்கழகத்தில் முதலிடம், மஞ்சு, பி.எஸ்சி. இயற்பியல்' என்று கொட்டை எழுத்து. மேலே மைதா மாவை அப்பியதுபோல ஒரு முகம். மூக்கு அவளுடையது, பொட்டு அவளுடையது, நிறம் யாருடையதோ. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாத படம் என்ன எழவு படம்!

ஃபிளெக்ஸுக்குக் கீழேதான் கல்லூரியின் அட்மிஷன் பந்தல். விளம்பர வேலை பார்க்கும் ரஞ்சித்குமார் உட்கார்ந்திருந்தார்.

"எங் கலர ஏன் சார் மாத்துனீங்க?"

"லைட்டா பிரைட் பண்ணச் சொன்னேம்மா. கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் பண்றதுதானே? நல்லாத்தானே இருக்கு?"

நிஜமாகவே புரியாமல் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவளுக்கு ஹாஸ்டலில் இடம் வாங்கித் தந்ததே அவர்தான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"நல்ல நேரத்துல வந்த. இத உங்க தெருவுல குடுத்துரு" என்று ஒரு நோட்டீஸ் கட்டைப் பிளேடால் அறுத்துப் பிரித்தார்.

நோட்டீஸிலும் மஞ்சு இருந்தாள். அதே போட்டோ, அசல் கறுப்பு.

"இதுல மட்டும் ஏன் சார் பிரைட் பண்ணல?"

"அது உங்க ஆளுங்களுக்குத்தானேம்மா. உன்னயப் பாத்தாத்தானே நம்பிச் சேருவாங்க?"

"அப்ப டவுனுக்கு நான் ஆவமாட்டேனா?"

மஞ்சு மேசையிலிருந்த பிளேடை எடுத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"ஏம்மா, எறங்கு! எல்லாரும் பாக்குறாங்க!"

"பாக்கட்டும். மூஞ்சி யாரோடதோ, நீங்களே வச்சுக்குங்க. பேரு என்னுது."

நாற்காலி ஆடியது. இருசம்மாள் ஓடிவந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மஞ்சு ஃபிளெக்ஸின் அடி ஓரத்தில் தன் பெயர் இருந்த பட்டையை நீளமாக அறுத்து எடுத்துச் சுருட்டினாள்.

அரியலூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, இருவரும் அதை நோக்கி நடந்தார்கள். இருசம்மாள் திரும்பிப் போய் மேசையிலிருந்து ஒரே ஒரு நோட்டீஸை எடுத்தாள்.

"இதான் சார் எம் பொண்ணு" என்று அவர் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு, அதை மடியில் சொருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.